தடி நூலா, சுருக்கமா? அரசியல் தத்துவ நூல்களை வாங்கும் முன்

ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸின் லெவியத்தானையோ மார்க்ஸின் மூலதனத்தையோ கையில் எடுத்துக் கனம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் சுருக்கப் பதிப்பின் மேல் கண் போகாதவர் குறைவு. அதை வாங்கலாமா என்பதற்கு எல்லா நூலுக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ரால்ஸின் நீதிக் கோட்பாட்டுக்கு ஒரு பதில், டோக்வில்லின் அமெரிக்காவில் ஜனநாயகத்துக்கு வேறு பதில், மாக்கியவெல்லியின் இளவரசன் விஷயத்தில் கேள்வியே எழக் கூடாது. எந்த நூலுக்கு எந்தப் பதில் என்பதைக் கடையில் நின்றபடியே இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். எத்தனை பக்கம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பதைவிட, குறைந்தது எது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

கையில் இருப்பது எந்த வகை

"சுருக்கம்" என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. முதல் வகை, வெட்டிய பதிப்பு: ஆசிரியரின் சொற்கள் அப்படியே இருக்கும், சில அதிகாரங்களும் பத்திகளும் மட்டும் போயிருக்கும். அடுத்தது மறுசொல்: வேறொருவர் தன் நடையில் நூலைத் திரும்பச் சொல்வது. இது பழைய கோனார் நோட்ஸ் மாதிரி. பாடம் புரிந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் புரிந்தது உரையாசிரியருக்கு. மூன்றாவது, பல நூல்களிலிருந்து நாலைந்து பக்கம் எடுத்துக் கோத்த தேர்வுத் தொகுப்பு. கல்லூரிப் பாடத்துக்கு ஆங்கிலத்தில் வருபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. வரிசை மாற்றிய பதிப்பு. எல்.என். ரங்கராஜன் ஆங்கிலத்தில் செய்த அர்த்தசாஸ்திரம், 1992-ல் பெங்குவின் வெளியிட்டது, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூலத்தின் 15 அதிகரணங்களை, அதாவது பெரும்பகுதிகளை, கலைத்துப் பொருள்வாரியாக அடுக்கியிருக்கிறார். வரி, ஒற்றர், தண்டனை என்று தேடிப் படிக்க இதைவிட வசதி கிடையாது. ஆனால் கௌடில்யர் எதை முதலில் சொன்னார், எதை எதன்மேல் கட்டினார் என்பதை இந்தப் பதிப்பின் பக்க வரிசையை வைத்து யாரும் பேச முடியாது. வே. ஆனைமுத்து 1974-ல் 3 தொகுதிகளாகக் கொண்டுவந்த பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகளும் பொருள்வாரித் தொகுப்பே. அங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டுரைகளுக்கு இடையே பல ஆண்டு இடைவெளி இருக்கலாம். ஒவ்வொன்றின் தேதியையும் பார்த்தபடி படித்தால் குழப்பமில்லை. தேதியை விட்டுவிட்டால், 1920-களில் காங்கிரஸை விட்டு வெளியேறிய காலத்துப் பெரியாரும் 1960-களின் பெரியாரும் ஒரே மூச்சில் பேசுவதாகத் தோன்றி, இல்லாத முரண்பாடு ஒன்று முளைக்கும்.

தமிழ்ப் பதிப்பில் இன்னொரு சிக்கல். அட்டையில் "தமிழில்:" என்று மட்டும் போட்டுப் பெயர் இருந்தால் அது முழு மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம், தழுவலாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். அட்டையை நம்பாமல் உள்ளே போக வேண்டும்.

கடையில் இருபது நிமிடம்

முதலில் உரிமைப் பக்கம், அதாவது பதிப்புரிமை விவரம் அச்சிட்ட பக்கம். எந்த மூலப் பதிப்பிலிருந்து, யார் வெட்டியது என்று அச்சிட்டிருக்கிறதா பார்க்கவும். இரண்டும் இல்லாவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே வந்துவிட வேண்டும்.

பிறகு பதிப்பாசிரியர் முன்னுரை. ஒழுங்கான முன்னுரை "இன்னின்ன அதிகாரங்களை விட்டிருக்கிறேன், காரணம் இது" என்று சொல்லும். "இன்றைய வாசகருக்குத் தேவையற்றவை நீக்கப்பட்டுள்ளன" என்பதோடு முடித்துக்கொண்டால், தேவையற்றது எது என்று அவர் நமக்காக முடிவெடுத்துவிட்டார், அதைச் சொல்லவும் விருப்பமில்லை என்று பொருள்.

மூன்றாவது பொருளடக்கம். மூலத்தின் பொருளடக்கத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூல்கள் பலவும் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் வரிசையாக ஒப்பிட்டால் ஐந்து நிமிடம். இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: சில பதிப்புகள் மிச்சமிருக்கும் அதிகாரங்களுக்கு 1, 2, 3 என்று புது எண் போட்டுவிடும். எனவே எண்ணைப் பார்க்காமல் தலைப்பைப் பார்த்து ஒப்பிடவும்.

நான்காவது சொல் கணக்கு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, பத்து வரிகளின் சொற்களை எண்ணிப் பத்தால் வகுக்கவும். அதைப் பக்கத்தின் வரிகளாலும், பிறகு மொத்தப் பக்கங்களாலும் பெருக்கவும். மூலத்தின் சொல் எண்ணிக்கை இலவசக் கோப்பிலிருந்து கிடைத்துவிடும். பாதிக்கு மேல் இருந்தால் அது வெட்டிய பதிப்பு, ஆராயத் தகுந்தது. கால் பங்குக்கும் கீழே போனால் அது மேற்கோள் தொகுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு ஆங்கிலப் பதிப்புக்கு ஆங்கில மூலத்தோடு ஒப்பிட மட்டும்தான். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் முழு மொழிபெயர்ப்பிலும் சொற்கள் கணிசமாகக் குறையும். தமிழ்ப் பதிப்பானால் ஒரே ஒரு அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, மூலத்தில் எத்தனை பத்தி, இதில் எத்தனை பத்தி என்று எண்ணுவதுதான் நம்பகமான வழி.

கடைசியாக, வெட்டிய இடத்தில் அடையாளம் இருக்கிறதா? மூன்று புள்ளி, உடுக்குறி (*), இடைவெளி, ஏதோ ஒன்று. எதுவுமே இல்லாமல் பத்திகள் வழுவழுவென்று ஓடினால் அந்தப் பதிப்பை வைத்துவிடலாம். எங்கே கத்தரி விழுந்தது என்று தெரியாத நூலில், ஆசிரியரின் தாவல் எது, பதிப்பாசிரியரின் தாவல் எது என்று பிரிக்கவே முடியாது.

ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்த்தால்

1651-ல் வந்த லெவியத்தானின் 13-ஆம் அதிகாரம் மிகவும் சிறியது. அரசு இல்லாத நிலையில் மனித வாழ்வு தனிமையானது, வறியது, அருவருப்பானது, விலங்குத்தனமானது, குறுகியது என்ற புகழ்பெற்ற வரி அங்கேதான். எல்லாச் சுருக்கங்களும் அந்த வரியை வைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த இரண்டு மூன்று பத்திகள்தான் ஆபத்தில் இருப்பவை.

அந்தப் பத்திகளில் ஹாப்ஸ் தன்மேலேயே கேள்வி போட்டுக்கொள்கிறார். இது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம் என்று ஒப்புக்கொண்டு, வாசகனை அவன் வீட்டுக்கே கூட்டிப் போகிறார். பயணம் போகும்போது ஆயுதம் எடுத்துக்கொள்கிறாய், தூங்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியையும் பூட்டி வைக்கிறாய். சட்டமும் காவலும் இருக்கும்போதே இப்படி. அப்படியானால் சக குடிமக்களைப் பற்றியும், சொந்தப் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் பற்றியும் உன் எண்ணம் என்ன? வாசலில் செக்யூரிட்டி, மாடிப்படியில் கேமரா என்று இருக்கும் அண்ணா நகர் அடுக்ககத்திலும் பீரோ சாவியை ஒளித்து வைப்பவருக்கு இந்தப் பத்தி விளங்க உரை தேவைப்படாது. அடுத்து, இப்படி ஒரு காலம் உலகம் முழுவதும் பொதுவாக இருந்ததாகத் தான் நம்பவில்லை என்று அவரே சொல்கிறார். அரசர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து ஆயுதம் ஏந்தி நிற்பதை உதாரணமாகக் காட்டுகிறார்.

இவை போய்விட்டால் என்ன ஆகும்? ஹாப்ஸ் ஆதிமனித வரலாறு எழுதினார் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். "அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லையே" என்று தேர்வில் விமர்சனம் எழுதுவார். அந்த விமர்சனத்துக்கு ஆசிரியர் அதே அதிகாரத்தில் பதில் சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. எதிர்வாதங்களை வெட்டிய பதிப்பு இப்படித்தான் கெடுக்கும். அதனால் சோதனைக்கு ஒரு பக்கம் பார்ப்பதென்றால் புகழ்பெற்ற வரிக்கு அடுத்த பக்கத்தைப் பாருங்கள்.

மூலதனத்தில் நடப்பது வேறு. 1867-ல் வந்த முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய 10-ஆம் அதிகாரம் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளால் நிரம்பியது. சுருக்குபவருக்கு இவை சான்றுதானே, இரண்டு போதுமே என்று தோன்றும். ஆனால் 1863-ல் இலண்டனில் இறந்துபோன 20 வயதுத் தையல் தொழிலாளி மேரி ஆன் வாக்லி, மற்ற 60 பெண்களோடு, அறைக்கு 30 பேராக, 26½ மணி நேரம் இடைவிடாமல் வேலை செய்தாள் என்ற விவரம் போனால், "உழைப்பு நேர நீட்டிப்பு" என்ற வெறும் தொடர் மட்டும் மிஞ்சும். அந்த அதிகாரத்தில் சான்றுதான் வாதம். முதல் அதிகாரத்தின் மதிப்பு வடிவங்கள் பற்றிய பகுதி நேர்மாறு. அங்கே சான்றே இல்லை, ஒரு படியை எடுத்தால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. ஆக, இந்த நூலைப் பக்கக் கணக்கில் சமமாகச் சுருக்குவது இரண்டு பக்கமும் கெடுக்கும்.

மார்க்ஸே சுருக்கங்களுக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலிய அராஜகவாதி கார்லோ காஃபியேரோ சிறையில் எழுதி 1879-ல் வெளியிட்ட சுருக்கத்தைப் பாராட்டி அவருக்குக் கடிதம் எழுதினார். அதே கடிதத்தில் ஒரு குறையும் சொன்னார்: விடுதலைக்கு வேண்டிய பொருளியல் நிலைமைகளை முதலாளிய உற்பத்தியே தானாக உருவாக்குகிறது என்ற நிறுவல் விடுபட்டிருக்கிறது என்று. பாராட்டு வாங்கிய சுருக்கத்திலேயே விடுபட்டது நூலின் முதுகெலும்பு.

எந்த நூலை எப்படி

சின்ன நூல்களைச் சுருக்கமாகப் படிப்பது வீண்வேலை. மாக்கியவெல்லியின் இளவரசன் 26 குட்டி அதிகாரங்கள். ரூசோவின் சமுதாய ஒப்பந்தம், மில்லின் சுதந்திரம் பற்றி, கம்யூனிஸ்ட் அறிக்கை, காந்தியின் இந்திய சுயராஜ்யம், அம்பேத்கரின் சாதி ஒழிப்பு, பெரியாரின் பெண் ஏன் அடிமையானாள், இவை எல்லாம் இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிபவை. இவற்றுக்கும் சந்தையில் சுருக்கம் விற்கிறது. வாங்குபவர் இருப்பதால் விற்கிறது.

லெவியத்தானில் நான்கு பாகம், 47 அதிகாரம். முதல் இரண்டு பாகங்கள், அதாவது 1 முதல் 31 வரை, அரசியல் மாணவருக்குப் போதும் என்பது பொது வழக்கம், தவறும் இல்லை. மூன்றாம் நான்காம் பாகங்கள் விவிலியமும் திருச்சபையும். மதமும் அரசும் பற்றி எழுதுபவர் மட்டும் அவற்றைத் தொடலாம். ஆனால் முதல் இரண்டு பாகத்துக்குள் கத்தரி வைத்த பதிப்பு வேண்டாம். 21-ஆம் அதிகாரத்தில் குடிமக்களின் சுதந்திரம் எதுவரை என்று சொல்லியிருப்பதை விட்டுவிட்டால், ஹாப்ஸ் வெறும் சர்வாதிகார ஆதரவாளராகிவிடுவார்.

அரசாட்சி பற்றிய லாக்கின் இரண்டு ஆய்வுரைகளில் முதலாவது, மன்னர்களின் தெய்வீக உரிமையை ஆதரித்த ராபர்ட் ஃபில்மருக்கு மறுப்பு. அதை விட்டு இரண்டாவதை மட்டும் அச்சிடும் பதிப்பைத் தயங்காமல் வாங்கலாம்.

ஆடம் ஸ்மித்தின் நாடுகளின் செல்வம், 1776. ஐந்து பகுதிகள். பெங்குவின் பதிப்பு இதை முதல் மூன்று பகுதி ஒரு புத்தகம், கடைசி இரண்டு இன்னொரு புத்தகம் என்று பிரித்துப் போட்டிருக்கிறது. பழைய புத்தகக் கடையில் பெரும்பாலும் முதல் புத்தகம் மட்டும் தனியாக மாட்டும். அதை வாங்கியவர் பத்துப் பேர் சேர்ந்து நாளுக்கு 48,000 குண்டூசி செய்யும் பட்டறையைப் படிப்பார். "கண்ணுக்குத் தெரியாத கை" அதில் இருக்காது, அது நான்காம் பகுதியில் ஒரே ஒரு முறை வருகிறது. அதே வேலைப் பிரிவினை தொழிலாளியின் அறிவை மழுங்கடிக்கிறது என்று ஸ்மித் கடுமையாகச் சொல்லும் இடமும் இருக்காது, அது ஐந்தாம் பகுதி. முதல் புத்தகத்தோடு நின்றவர் பட்டறையைப் புகழ்ந்த ஸ்மித்தை மட்டுமே அறிவார். இந்த நூலில் தாராளமாக விடக்கூடியது முதல் பகுதி 11-ஆம் அதிகாரத்தில் வரும் வெள்ளி விலை பற்றிய நீண்ட கிளைப்பேச்சு.

மான்டெஸ்க்யூவின் சட்டங்களின் ஆன்மா, 1748, மொத்தம் 31 பகுதிகள். இது சுருக்கத்தைத் தாங்கும் நூல். 27, 28, 30, 31 ஆகியவை ரோம, பிராங்கிய, நிலமானியச் சட்ட வரலாறு. அவை போனால் அரசியல் மாணவருக்கு நட்டம் அதிகமில்லை. 2, 3-ஆம் பகுதிகளும், அதிகாரப் பிரிவினை பேசும் 11-ஆம் பகுதியின் 6-ஆம் அதிகாரமும் முழுசாக இருக்க வேண்டும்.

டோக்வில்லின் அமெரிக்காவில் ஜனநாயகம் 1835, 1840 என இரு தொகுதி. முதல் தொகுதியின் கடைசி அதிகாரம்தான் அதன் மிக நீளமான அதிகாரம்: செவ்விந்தியர், கறுப்பர், வெள்ளையர் ஆகிய மூன்று இனங்கள் பற்றியது. நீளம் காரணமாகவே கத்தரிக்கு முதல் இலக்கு. அது இல்லாத பதிப்பு ஊராட்சிக் கூட்டங்களும் சங்கங்களுமாக அழகான ஒரு அமெரிக்காவைக் காட்டும். சாதியை வைத்து ஜனநாயகத்தைப் பேச வேண்டியிருக்கும் நமக்கு அந்த அதிகாரம் இல்லாமல் டோக்வில் எதற்கு?

ஆரன்டின் சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்கள், 1951. மூன்று பாகங்களும் தனித்தனி நூலாகவும் வந்தன. மூன்றாம் பாகம் மட்டும் படிப்பவர்கள் அதிகம். இரண்டாம் பாகத்தின் கடைசி அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடற்றவர்களையும், உரிமைகள் பெறுவதற்கான உரிமையையும் பற்றியது அது. மலையகத் தமிழரின் குடியுரிமைக் கதையும் இங்கே முகாம்களில் இருக்கும் ஈழத் தமிழரின் நிலையும் தெரிந்த வாசகருக்கு நூலிலேயே நெருக்கமான பக்கங்கள் இவைதான். கருத்தியலும் பயங்கரமும் பற்றிய இறுதி அதிகாரம் 1958 பதிப்பில் சேர்ந்தது. கையில் இருப்பதில் அது உண்டா என்றும் பார்க்கவும்.

ரால்ஸின் நீதிக் கோட்பாடு, 1971, ஏறத்தாழ 600 பக்கம், 87 பிரிவுகள். இதற்குச் சுருக்கம் தேடவே வேண்டாம். ஆசிரியரே முன்னுரையில் வழி போட்டுக் கொடுத்திருக்கிறார். பிரிவு 1–4, பிறகு 11–17, பிறகு 20 முதல் 30 வரை மூன்றாம் அதிகாரம் முழுவதும். இவற்றோடு 8, 33–35, 39–40. நூலில் மூன்றில் ஒரு பங்குதான், சாரம் பெரும்பாலும் இதில் வந்துவிடும் என்கிறார். கூடவே எச்சரிக்கையும் உண்டு: மூன்றாம் பாகத்தின் வாதத்தைப் பார்க்காவிட்டால் கோட்பாடு தவறாகப் புரியக்கூடும் என்று சொல்லி 66–67, 77, 78–79, 82, 85–86 ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். பலரும் எச்சரிக்கையை விட்டுவிட்டு முதல் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூலதனத்துக்கும் இப்படி ஒரு வழி உண்டு. நண்பர் குகல்மனின் மனைவிக்காக மார்க்ஸ் 1867-ல் எழுதியது: வேலைநாள், கூட்டுழைப்பு, வேலைப் பிரிவினை, இயந்திரங்கள், பிறகு ஆதித் திரட்டல். இவற்றை முதலில் படித்துவிட்டு முதல் அதிகாரத்துக்குத் திரும்புவது நல்ல வரிசை. தியாகுவின் தமிழாக்கத்தில் படிப்பவரும் இதே வரிசையில் போகலாம்.

கட்டுரைத் தொகுப்பாகவே பிறந்தவற்றில் பொறுக்கிப் படிப்பதில் குற்றமில்லை. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-ல் 10, 51, 78 ஆகியவை தனியே நிற்கும். இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷியின் சிறைக் குறிப்பேடுகள் அவர் முடித்துக் கொடுத்த நூலே அல்ல. 1971-ல் ஆங்கிலத்தில் வந்த தேர்வுத் தொகுப்பைத்தான் உலகமே படித்தது.

பிளேட்டோவின் குடியரசு மட்டும் சுருக்கத்துக்கு மசியாது. உரையாடலில் தோற்கும் கட்சியின் பேச்சை வெட்டினால் வெல்லும் கட்சிக்கு வேலையில்லை. திராசிமாக்கஸ் என்ற பாத்திரம் முதல் பகுதியில், நீதி என்பது வலியவனின் நலன் என்று சொல்வதற்குத்தான் மீதி ஒன்பது பகுதிகளும் பதில். நேரமில்லாதவர் பத்தாம் பகுதியை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரைத் தொடும் பக்கங்கள்

ஆங்கிலச் சுருக்கங்களை வெட்டுபவர் பெரும்பாலும் இலண்டன், பாஸ்டன் மாணவரை மனதில் வைத்து வெட்டுகிறார். அவருக்குக் கிளைப்பேச்சாகத் தெரிவது நமக்கு மையமாக இருக்கும். எனவே மூன்று இடங்களைக் கட்டாயம் சோதிக்கவும். மில்லின் சுதந்திரம் பற்றி நூலின் முதல் அதிகாரத்தில், அவரது சுதந்திரக் கொள்கை "பின்தங்கிய" சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அவர் விலக்கு வைக்கும் பத்தி. கிழக்கிந்தியக் கம்பெனியில் 1823 முதல் 1858 வரை வேலை பார்த்தவர் எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டியது. மான்டெஸ்க்யூவின் 14-ஆம் பகுதியில், தட்பவெப்பத்தைக் காரணம் காட்டி இந்தியர்களைக் கோழைகள் என்று சொல்லும் அதிகாரம். ஸ்மித்தின் நான்காம் பகுதியில் கம்பெனி ஆட்சி மீதான தாக்குதலும், வங்காளத்தில் அரிசி வணிகத்துக்குக் கம்பெனி ஊழியர்கள் போட்ட கட்டுப்பாடுகள் பற்றாக்குறையைப் பஞ்சமாக்க உதவியிருக்கலாம் என்ற வரியும். மூன்றும் இருந்தால் அந்தப் பதிப்பாசிரியரை ஓரளவு நம்பலாம்.

நீங்களே சுருக்குவது

நல்ல சுருக்கம் கிடைக்காதபோது முழு நூலை வாங்கி நீங்களே சுருக்கிக்கொள்வது சிறந்தது. காசும் பெரிதாகக் கூடாது.

முன்னுரை, பொருளடக்கம், கடைசி அதிகாரம் மூன்றையும் முதல் நாள் படியுங்கள். பிறகு ஒவ்வொரு அதிகாரத்துக்கும் முதல் பத்தி, கடைசிப் பத்தி. இந்தச் சுற்றில் பென்சிலால் ஓரத்தில் மூன்றே குறி: வாதம் ஓடும் இடத்துக்கு "வ", சான்றுக்கு "சா", எதிர்வாதத்துக்கும் பதிலுக்கும் "எ". பேனா வேண்டாம், இரண்டாம் வாசிப்பில் பாதிக் குறி மாறும். "சா" குவிந்த அதிகாரத்தில் ஒரு சான்றை முழுசாகப் படித்து மற்றவற்றில் ஓடலாம். "வ" தாண்டக் கூடாது. "எ" எத்தனை நீளமானாலும் விடக் கூடாது. எதிர்க்கட்சியை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதில்தான் அவர் தரம் தெரியும்.

ஒவ்வொரு அதிகாரமும் முடிந்ததும் நூலை மூடிவிட்டு ஐந்து வரி எழுதுங்கள். வரவில்லை என்றால் அந்த அதிகாரம் சுருங்க மறுக்கிறது, திரும்பப் போக வேண்டும். இப்படி முடித்த பிறகு அடுத்தவர் போட்ட சுருக்கத்தைப் புரட்டுங்கள். நீங்கள் விட்டதை அவர் வைத்திருந்தால் ஏன் என்று பார்க்கவும். சுருக்கம் உண்மையில் பயன்படும் வேளை இதுதான்.

நேரக் கணக்கு: வாதம் அடர்ந்த பக்கங்களில் மணிக்குப் பத்துப் பக்கம் போனால் நல்ல வேகம். சான்றுப் பக்கங்களில் இருபது வரை போகலாம். ரால்ஸ் சொன்ன மூன்றில் ஒரு பங்கு 200 பக்கம் என்று வைத்தால் 20 மணி நேரம். வாரம் நான்கு மணி என்றால் ஐந்து வாரம். தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் சான்று அதிகாரங்கள் ஓடும். ரால்ஸின் மூன்றாம் அதிகாரம் அங்கே ஓடாது, மேசை வேண்டும்.

நாலைந்து பேர் சேர்ந்து படிப்பு வட்டமாக நடத்தும்போது அதிகாரங்களைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். அதில் ஒரு கேடு: ஆளுக்கு ஒரு அதிகாரம் தெரியும், நூல் யாருக்கும் தெரியாது. முதுகெலும்பான நான்கைந்து அதிகாரங்களை எல்லோரும் படிப்பது, மீதியை மட்டும் பிரிப்பது என்று வைத்தால் கூட்டம் அரட்டையாகாது.

யு.பி.எஸ்.சி. அரசியல் அறிவியல் விருப்பப் பாடம் எடுத்தவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிளேட்டோ முதல் ஆரன்ட் வரை பாடத்திட்டத்தில் உள்ள அத்தனை பேரையும் முழுசாகப் படிக்க நேரம் இருக்காது, தேர்வும் அதைக் கேட்பதில்லை. உரைநூல் ஒன்று, அதோடு ஒவ்வொருவரின் மூலத்திலிருந்து ஒரே ஒரு அதிகாரம் வெட்டாமல். ஹாப்ஸுக்கு 13, மார்க்ஸுக்கு வேலைநாள், லாக்குக்குச் சொத்து பற்றிய ஐந்தாவது. விடையில் நோட்ஸ் வாடை போக இது போதும்.

சென்னையில் எங்கே

எழும்பூர் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. அச்சில் இல்லாத தமிழாக்கத்தைத் தேட முதலில் போக வேண்டிய இடம். பழைய தமிழ் அச்சுகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முழுப் பதிப்பையும் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அங்கே சொந்த நூல் கொண்டுவந்து படிக்கவும் தனிப் பிரிவு உண்டு. பிளேட்டோவைத் தமிழில் தந்த வெ. சாமிநாத சர்மாவின் எழுத்துகள் நாட்டுடைமை. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தேடினால் காசில்லாமல் கிடைக்கும்.

ஜனவரிப் புத்தகக் காட்சியில் பத்துச் சதவீதக் கழிவு உண்டு என்றாலும், நெரிசலில் இருபது நிமிடச் சோதனை நடக்காது. முன்பே நூலகத்தில் பார்த்து முடிவு செய்துகொண்டு போங்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை, மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் "அண்ணே, இதுக்கு ரெண்டாவது வால்யூம் இருக்கா?" என்று கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களும் இங்கே தலைகாட்டும். அவற்றில் தேர்வு நூல் எது, முழு நூல் எது என்று உள்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போடுவதானால்: ஆசிரியர் இறந்து 60 ஆண்டு தாண்டிய மூலங்களுக்கு இந்தியாவில் பதிப்புரிமை இல்லை. ஆனால் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. ஹாப்ஸைத் தாராளமாக எடுக்கலாம், 2002-ல் இறந்த ரால்ஸை எடுக்க முடியாது.

சுருக்கத்திலிருந்து மேற்கோள்

எழுத்திலோ மேடையிலோ மேற்கோள் காட்டும்போது சுருக்கப் பதிப்பின் பக்க எண்ணைக் கொடுக்காதீர்கள். பகுதி, அதிகாரம், பிரிவு எண்களை மூலத்தின்படி கொடுங்கள். ரால்ஸானால் பிரிவு எண், பிளேட்டோவானால் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ஸ்டெஃபானஸ் எண். பதிப்பு மாறினாலும் இவை மாறா. மேற்கோள் வரிக்கு முந்தைய, பிந்தைய பத்திகளை முழு மூலத்தில் ஒருமுறை பார்த்துவிடவும். நீங்கள் ஆசிரியர் கருத்தென்று எடுத்த வரி, அவர் மறுப்பதற்காக எடுத்து வைத்த எதிராளியின் வரியாக இருப்பது அரிதான விபத்தல்ல. சுருக்கத்தை மட்டும்தான் பார்த்தீர்கள் என்றால் பதிப்பாசிரியர் பெயரோடு அதையே சொல்லிவிடலாம். ஆய்வேட்டு வழிகாட்டி அதற்குத் திட்ட மாட்டார், மூலத்தைப் படித்ததாகக் காட்டிக்கொண்டு மாட்டினால்தான் திட்டுவார்.